கல்கத்தா அருங்காட்சியகத்தை வளர்த்தெடுத்த எட்வர்ட் பிளைத் யார்?

கேள்வி இதுதான்: டார்வினுக்கு இருபது வருஷம் முன்பே இயற்கைத் தேர்வைப் பற்றி எழுதிவிட்டதாகச் சொல்லப்படும் எட்வர்ட் பிளைத் யார், கல்லூரிப் பக்கமே போகாத அவர் எப்படி ஒரு பெரிய அருங்காட்சியகத்துக்குக் காப்பாட்சியர் ஆனார், டார்வின் அவருடைய கருத்தைத் திருடினார் என்பது உண்மையா?

கடைசிக் கேள்விக்கு முதலில் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். திருட்டு எதுவும் நடக்கவில்லை. ஆனால் பிளைத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அந்த ஒரு சண்டையிலேயே நின்றுவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். ஏனென்றால் அவர் செய்த பெரிய வேலை, இந்தச் சண்டைக்குக் காரணமான அவருடைய மூன்று இளவயதுக் கட்டுரைகளில் இல்லை. கல்கத்தாவில், புழுக்கத்திலும் பூச்சியிலும் அரித்துப்போகும் பறவைத் தோல்களுக்கு நடுவே இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து செய்த வேலைதான் அவருடைய வாழ்க்கை. இன்றைக்கு நாம் இந்தியப் பறவைகள், இலங்கைப் பறவைகள் என்று பட்டியல் போடுகிறோமே, அதன் அடியில் அந்த மனிதரின் உழைப்பு பெரிய அளவில் இருக்கிறது.

பிளைத் 1810 டிசம்பரில் லண்டனில் பிறந்தவர். அப்பா துணி வியாபாரி. பையனுக்குப் பத்து வயது ஆவதற்குள் அப்பா இறந்துவிட, அம்மாதான் வளர்த்தார். விம்பிள்டனில் ஒரு பள்ளியில் போட்டார்கள். பையன் நன்றாகப் படிப்பான், ஆனால் வகுப்பில் இருக்க வேண்டிய நேரத்தில் பக்கத்துக் காட்டில் இருப்பான் என்பதுதான் பள்ளியின் புகார். அம்மாவுக்கு அவனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, பாதிரியார் ஆக்க வேண்டும் என்று ஆசை. அது நடக்கவில்லை. 1825இல் பள்ளியை விட்டு, லண்டனில் ஒருவரிடம் வேதியியல் கற்றுக்கொள்ளப் போனார். அவருடைய முறையான படிப்பு அத்தோடு சரி.

வயது வந்ததும் கையில் கிடைத்த சொற்பப் பரம்பரைப் பணத்தைப் போட்டு, லண்டனுக்குத் தெற்கே டூட்டிங் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடையை வாங்கினார். கடையை வாங்கினாரே தவிர, கடையில் உட்காரவில்லை. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு எழுந்து படிப்பது, குறிப்பெடுப்பது, படம் வரைவது, வெளிச்சம் வந்ததும் பறவை பிடிக்கவும் பூச்சி சேகரிக்கவும் கிளம்பிவிடுவது, இதுதான் அவருடைய நாள். வியாபாரத்தை வேறு ஆள் பார்த்துக்கொண்டார், அதாவது யாரும் பார்க்கவில்லை. கடை நொடித்துப்போனது. பணம் போனாலும் அந்த வருஷங்களில்தான் அவர் இயற்கையாளர் ஆனார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கி, அங்கே இருந்த புத்தகங்களையும் மாதிரிகளையும் பார்த்துப் பார்த்துத் தானாகவே விலங்கியலைக் கற்றுக்கொண்டார். அந்தக் காலத்தில் விலங்கியலுக்கென்று தனியாகப் பட்டம் வாங்கிவிட்டு வருகிறவர்களும் குறைவுதான். மருத்துவம் படித்தவர்கள், பாதிரியார்கள், சொத்துள்ள கனவான்கள் இவர்கள்தான் பெரும்பாலும் இயற்கை வரலாற்றில் இருந்தார்கள். இந்த மூன்று வகையிலும் பிளைத் இல்லை. சொத்து இல்லை, பட்டம் இல்லை, சிபாரிசு செய்ய உறவுக்காரர்கள் இல்லை. எழுத்து வேலை செய்துதான் பிழைத்தார். கில்பர்ட் வொயிட் எழுதிய செல்போர்ன் இயற்கை வரலாற்றுக்கு 1836இல் ஒரு பதிப்பைக் குறிப்புகளோடு கொண்டுவந்தார். பிரெஞ்சு விலங்கியலாளர் குவியேயின் விலங்குலகம் பற்றிய நூல் 1840இல் ஆங்கிலத்தில் வந்தபோது பாலூட்டி, பறவை, ஊர்வன பகுதிகளைப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான்.

அவருடைய கண் எப்படிப்பட்டது என்பதற்கு ஒரே ஒரு உதாரணம் போதும். பாமீர் பீடபூமிப் பக்கம் போய்வந்த ஜான் வுட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி ராட்சதக் கொம்புகளைக் கொண்டுவந்திருந்தார். முழு விலங்கை லண்டனில் யாரும் பார்த்ததில்லை. கொம்பு மட்டும்தான் இருந்தது. பிளைத் அந்தக் கொம்பின் சுழற்சி, தடிமன், மேலே ஓடும் வரிகள், அடிப்பாகத்தின் வடிவம் எல்லாவற்றையும் தெரிந்த ஆடுகளின் கொம்போடு ஒப்பிட்டுப் பார்த்து, இது தனி வகை என்று முடிவு செய்தார். பல நூற்றாண்டுகளுக்கு முன் அந்தப் பகுதி வழியாகப் போன மார்க்கோ போலோ இப்படி ஒரு பெரிய கொம்பு ஆட்டைப் பற்றிச் சொல்லியிருந்ததால், அவர் பெயரையே வைத்தார். இன்றைக்கும் அது மார்க்கோ போலோ ஆடுதான். இது நடந்தது 1841இல், இந்தியாவுக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்னால். கையில் கிடைத்த ஒரு துண்டை வைத்து முழு விலங்கையும் யோசிப்பதுதான் அருங்காட்சியக விலங்கியல், அதைப் பிளைத் யாரிடமும் பாடம் கேட்காமலேயே கற்றுக்கொண்டிருந்தார்.

சரி, அந்தச் சண்டைக்கு வருவோம். 1835, 1836, 1837 ஆகிய மூன்று வருஷங்களில் இயற்கை வரலாற்று இதழ் ஒன்றில் அவர் கட்டுரைகள் எழுதினார். முதல் கட்டுரை வெளிவந்தபோது அவருக்கு 24 வயது. விலங்குகளில் காணப்படும் வேறுபாடுகளை எப்படி வகைப்படுத்துவது என்பது அதன் பொருள். அதில் சொல்கிறார்: காட்டில் இரைக்கும் இணைக்கும் போட்டி நடக்கிறது, வலுவானது, கூர்மையான புலன் உள்ளது, சூழலோடு நிறம் பொருந்துவது பிழைக்கிறது, வழக்கத்திலிருந்து விலகிப் பிறந்தது அழிகிறது. படிக்கும்போது டார்வினையே படிப்பதுபோல இருக்கும். 1959இல் அமெரிக்க மானிடவியலாளர் லோரன் ஐஸ்லி இதை எடுத்துப்போட்டு, டார்வின் இவரிடமிருந்துதான் எடுத்தார், நன்றி சொல்லாமல் விட்டார் என்ற பொருளில் எழுதப்போய் விவகாரம் கிளம்பியது. டார்வின் அந்த இதழ்களைப் படித்தார் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் பிளைத் என்ன முடிவுக்கு வருகிறார் என்று பார்க்க வேண்டும். விலகிப் பிறந்ததை இயற்கை களைந்துவிடுகிறது, அதனால் இனம் தன் அசல் வடிவத்திலேயே நிலைத்து நிற்கிறது என்கிறார். அதாவது இயற்கை காவல்காரன் வேலை பார்க்கிறது, இனத்தை மாறவிடாமல் தடுக்கிறது. தனித்தனி இனம் என்று நாம் நினைப்பவற்றில் பல ஒரே மூதாதையிலிருந்து வந்திருக்கலாமோ என்ற கேள்வியைக்கூட அவர் எழுப்புகிறார், எழுப்பிவிட்டு இல்லை என்கிறார். டார்வின் அதே போட்டியிலிருந்து புது இனம் உருவாவதைப் பார்த்தார். பொருத்தமில்லாததை இயற்கை நீக்கிவிடும் என்பது அந்தக் காலத்தில் பலரும் சொல்லிவந்த கருத்துதான், படைப்புக் கொள்கையை நம்பியவர்களே அதைச் சொன்னார்கள். பரிணாம அறிவியலாளர் ஸ்டீபன் ஜே கோல்ட் போன்றவர்கள் ஐஸ்லிக்குக் கொடுத்த மறுப்பும் இதுதான், எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். தன் கருத்தை டார்வின் எடுத்துக்கொண்டார் என்று பிளைத் நினைத்திருந்தால், சும்மா இருக்கிற ஆளே இல்லை அவர். பெயர் வைப்பதில் யார் முந்தி என்ற சின்ன விஷயத்துக்கே பக்கம் பக்கமாகச் சண்டை போட்டவர். டார்வினிடம் கடைசிவரை மரியாதையாகவும் நட்பாகவும்தான் இருந்தார்.

இப்போது கல்கத்தா. 1784இல் தொடங்கிய ஏசியாட்டிக் சொசைட்டி என்ற அறிஞர் சங்கம், 1814இல் ஒரு அருங்காட்சியகத்தை ஆரம்பித்திருந்தது. கல்வெட்டு, சிலை, எலும்பு, கல், பாடம் செய்த மிருகம் என்று எல்லாம் பார்க் தெருக் கட்டடத்துக்குள் குவிந்துகொண்டே போனது. சம்பளத்துக்கு ஒரு காப்பாட்சியரை வைத்தே தீர வேண்டும் என்ற நிலை வந்து, லண்டனில் ஆள் தேடினார்கள். பிளைத்துக்குக் கடையும் இல்லை, உடம்பும் சரியில்லை. வேலையை ஒப்புக்கொண்டு 1841 செப்டம்பரில் கல்கத்தா வந்து இறங்கினார். சம்பளம் வருஷத்துக்கு 300 பவுண்டு, அப்போதைய கணக்கில் மாதம் சுமார் 250 ரூபாய், அதோடு வீட்டு வாடகைக்கு மாதம் நான்கு பவுண்டு. இந்தத் தொகை அவர் இருந்த இருபது வருஷத்திலும் ஒரு பைசா உயரவில்லை.

அந்த வேலை என்ன வேலை என்று தெரிந்தால்தான் மனிதரைப் புரிந்துகொள்ள முடியும். ஒரு பறவையைச் சுட்டால், சுட்ட அன்றே தோலை உரித்தாக வேண்டும், கல்கத்தா வெயிலுக்கு மறுநாள் தாங்காது. வயிற்றுப் பக்கம் கீறி, உடலை உள்ளிருந்து உருவி எடுத்து, மண்டையோடும் அலகும் கால் இறக்கை எலும்புகளும் தோலோடு இருக்கும்படி விட்டு, கொழுப்பைச் சுரண்டி, உள்பக்கம் முழுக்க ஆர்சனிக் கலந்த சோப்பைத் தடவி, பஞ்சு அடைத்துத் தைக்க வேண்டும். கண்ணின் நிறமும் காலின் நிறமும் காய்ந்தால் மங்கிவிடும் என்பதால் உடனே சீட்டில் எழுத வேண்டும். எங்கே, எப்போது, ஆணா பெண்ணா என்ற விவரம் எழுதிய அந்தச் சீட்டு கழன்றுவிட்டால் தோல் இருந்தும் அதன் மதிப்பில் பாதி போயிற்று. இவ்வளவு செய்தபிறகும் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும், வண்டுப் புழு இறகுகளின் அடியைத் தின்றுவிடும். இப்படி ஆயிரக்கணக்கில் தோல்களைக் காப்பாற்றிக்கொண்டே, அவற்றில் எது எந்தப் பறவை, எது இதுவரை பெயரில்லாதது என்றும் பார்க்க வேண்டும். உரித்தவர்கள், சுட்டவர்கள், வலை போட்டவர்களில் பெரும்பாலானோர் இந்தியர்கள், அவர்களுடைய பெயர்கள் சீட்டில் ஏறவில்லை. பிளைத்தின் வேலை எவ்வளவு பெரியதோ அவ்வளவு இவர்களுடையதும் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது.

பிளைத் காட்டுக்குள் அதிகம் திரிந்தவரும் இல்லை, அதற்கு அவரிடம் பணமும் நேரமும் கிடையாது. கல்கத்தாச் சந்தைதான் அவருடைய காடு. விற்பனைக்கு வரும் உள்ளான்கள், வாத்துகள், கூண்டுப் பறவைகள் இவற்றிலிருந்தே பல மாதிரிகளைப் பொறுக்கி எடுத்தார். மீதி எல்லாம் தபாலில் வந்தது. நேபாளத்திலும் பிறகு டார்ஜிலிங்கிலும் இருந்த பிரையன் ஹாட்சன், பர்மாவில் ஆர்தர் ஃபேர், வங்காளத்துக்கும் பர்மாவுக்கும் போய்வந்த சாமுவேல் டிக்கெல், தெற்கே மதராஸ் படையில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன், மதராஸ் அதிகாரி வால்டர் எலியட், இலங்கையில் அரசுப் பணியில் இருந்த எட்கர் லேயார்டு, இலங்கையிலேயே பிறந்த மருத்துவர் கெலார்ட் என்று ஆசியாவின் பாதிப் பகுதியிலிருந்து பெட்டிகள் வந்து அவர் மேசையில் இறங்கின. ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினார். அனுப்பியதற்குப் பெயர் சொன்னார், தவறைத் திருத்தினார், அடுத்து எதைத் தேட வேண்டும் என்றும் சொன்னார். அந்தத் தனித்தனி ஆட்களை ஒரு வலையாகப் பின்னியது பிளைத்தின் பேனா என்று நான் துணிந்து சொல்வேன்.

அவர் கண்டுபிடித்ததை எங்கே எழுதினார் என்பதும் வேடிக்கையான விஷயம். சொசைட்டியின் இதழில் மாதாமாதம் காப்பாட்சியர் அறிக்கை கொடுக்க வேண்டும். இந்த மாதம் இன்னார் இன்ன தோலை அனுப்பினார் என்று தொடங்கும் அந்த வறண்ட அறிக்கைக்குள்ளேயே, சில சமயம் அடிக்குறிப்பிலேயே, புது இனத்தின் விவரிப்பை எழுதிவிடுவார். மற்றவர்கள் எழுதும் கட்டுரைக்கு இவர் போடும் குறிப்பு சில இடங்களில் கட்டுரையைவிட நீளும். பெயர் சூட்டுவதில் முந்தியவருக்கே உரிமை என்ற விதி 1842இல்தான் எழுத்தில் வந்தது, கல்கத்தாவிலிருந்து லண்டனுக்குக் கடிதம் போய்ப் பதில் வர மாதக்கணக்கு ஆகும், புதுப் புத்தகமும் பட்டியலும் கைக்கு வராது. தான் பெயர் வைக்கும் பறவைக்கு ஐரோப்பாவில் ஏற்கெனவே யாராவது பெயர் வைத்திருக்கிறார்களா என்று தெரியாமலேயே வேலை செய்ய வேண்டிய நிலை. லண்டன் அருங்காட்சியகத்தாரிடம் உதவி கேட்டுக் கிடைக்காமல் அவர் குமுறியதும் உண்டு.

இருந்தும் அவர் தந்த பெயர்களில் எத்தனை நின்றிருக்கின்றன பாருங்கள். இலங்கைக்கு மட்டுமே உரிய பறவைகளில் லேயார்டின் கிளி, இலங்கை மலை மைனா, மஞ்சள் காதுச் சின்னான், பழுப்புத் தலைச் சிலம்பன், ஆரஞ்சு அலகுச் சிலம்பன் எல்லாம் பிளைத் அறிவியலுக்கு அறிமுகம் செய்தவை. லேயார்டு யாழ்ப்பாணம், பருத்தித்துறைப் பக்கமும் சேகரித்தவர். அவருடைய மனைவியின் குடும்பப் பெயரைத்தான் அந்தக் கிளியின் அறிவியல் பெயராகப் பிளைத் வைத்தார். இலங்கை மரப்புறாவைக் கெலார்ட்டும் பிளைத்தும் சேர்ந்து 1853இல் விவரித்தார்கள், அதே வருஷம் கெலார்ட் தான் விவரித்த ஒரு மண்ணுளிப் பாம்புக்குப் பிளைத்தின் பெயரை வைத்தார். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மலபார் குக்குறுவானும் இலங்கையோடு நாம் பகிர்ந்துகொள்ளும் தவளைவாயன் என்ற பறவையும்கூட அவர் விவரித்தவைதான்.

இதில் ஒன்றை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஜெர்டன் கிழக்குத் தொடர்ச்சி மலையோரப் புதர்க்காட்டில் ஒரு பறவையைப் பிடித்திருந்தார். ஆள்காட்டி போன்ற நீண்ட கால், நெஞ்சில் குறுக்கே இரண்டு பட்டை, இரவில் நடமாடுவது. 1848இல் பிளைத் அதை விவரித்து, இரட்டைப் பட்டை என்ற பொருளில் பெயர் வைத்தார். அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலர் பார்த்தார்கள், 1900க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டது என்றே முடிவுகட்டினார்கள். 1986 ஜனவரியில் ஆந்திராவில் கடப்பைப் பக்கம், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வில், உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவரின் உதவியோடு அது மறுபடியும் கிடைத்தது. 86 வருஷ இடைவெளியில் அந்தப் பறவை எப்படி இருக்கும் என்று தெரிய, உலகத்துக்கு மிச்சமிருந்தது சில தோல்களும் பழைய விவரிப்புகளும்தான்.

இவ்வளவு செய்தவரைக் கொண்டாடினார்களா என்றால் இல்லை. சொசைட்டிக்குள் ஒரு கூட்டமே அவரை வெளியேற்றப் பார்த்தது. 1847இல், அருங்காட்சியகத்துக்கு இன்னும் ஒரு முழுமையான பட்டியல் போடவில்லையே என்று நிர்வாகம் கோபப்பட்டது. நமக்குப் பறவைக்காரர் தேவையில்லை என்று அவர்கள் சொல்வதாகவும், தன்னைத் துரத்த எல்லா வழியிலும் சூழ்ச்சி செய்வதாகவும் 1848இல் லண்டனில் இருந்த உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவனுக்குப் பிளைத் கடிதம் எழுதினார். நியாயமாகப் பார்த்தால் நிர்வாகத்தின் பக்கமும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. புதைபடிவம், பூச்சி, சங்கு இதெல்லாமும் அவர் பொறுப்பில்தான் இருந்தன, அவர் மனமோ பறவையிலும் பாலூட்டியிலுமே இருந்தது. ஒரு விஷயத்தில் நிலைத்து நிற்காததால் இவர் செய்யக்கூடியதைச் செய்து முடிக்கமாட்டார் என்ற பொருளில் டார்வினே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார், கெட்டிக்காரர் என்று ஒப்புக்கொண்டபடியே. ஆனால் ஒற்றை ஆளை வைத்துக்கொண்டு ஒரு கண்டத்தின் விலங்குகள் முழுவதையும் அடுக்கச் சொன்னதும், அதற்கு இருபது வருஷம் ஒரே சம்பளம் கொடுத்ததும் அந்தச் சங்கம் செய்த அநியாயம். பறவைப் பட்டியல் 1849 தேதியிட்டு அச்சானது, அந்தப் பட்டியலைப் பிறகு வந்த எல்லாருமே பயன்படுத்தினார்கள்.

அதே கட்டடத்தில் அதே காலத்தில் இன்னொருவரும் இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. 1846இல் நூலகராகவும் உதவிச் செயலராகவும் சேர்ந்த ராஜேந்திரலால் மித்ரா. மருத்துவக் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு, பெரும்பாலும் தானாகவே படித்து ஆளானவர், பின்னாளில் அந்தச் சங்கத்தின் முதல் இந்தியத் தலைவர். பட்டமில்லாத இரண்டு பேர் ஒரே கூரையின் கீழே, ஒருவர் சுவடிகளையும் மற்றவர் தோல்களையும் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்கள்.

சம்பளம் போதாததால் பிளைத் புனைபெயரில் வேட்டைப் பத்திரிகைக்கு எழுதினார். உயிருள்ள மிருகங்களை இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கும் அங்கிருந்து இங்கும் அனுப்பும் வியாபாரத்திலும் இறங்கினார். அதில் கூட்டுச் சேரும்படி டார்வினையும் பறவை ஓவிய நூல்கள் வெளியிட்ட ஜான் கோல்டையும் கேட்டார், இரண்டு பேருமே மறுத்துவிட்டார்கள்.

டார்வினோடு அவருக்கு இருந்த உண்மையான தொடர்பு 1855இல் தொடங்கியது. வீட்டு விலங்குகளும் பறவைகளும் எங்கிருந்து வந்தன என்று டார்வின் கேட்டு எழுத, கல்கத்தாவிலிருந்து வந்த பதில்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறு புத்தகம் அளவுக்கு நீளம். கோழி, புறா, நாய், மாடு, பட்டுப்பூச்சி என்று தெரிந்ததை எல்லாம் கொட்டினார். அவருடைய கருத்தை ஏறக்குறைய வேறு எவருடையதையும்விட அதிகமாக மதிப்பேன் என்ற அளவுக்கு டார்வின் 1859இல் இனங்களின் தோற்றம் நூலின் முதல் அத்தியாயத்திலேயே எழுதினார். எதற்காக என்றால், உலகத்தின் நாட்டுக்கோழிகள் எல்லாமே இந்தியச் சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்து வந்தவை என்று பிளைத் சொன்னதற்காக. இன்றைய மரபணு ஆய்வும் பெரும்பங்கு அதே கோழிதான் என்கிறது. கூடுதலாக, நம் தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து மஞ்சள் தோலுக்கான மரபணு வந்து சேர்ந்திருக்கிறது என்று 2008இல் காட்டினார்கள். மாட்டிலும் அதே கதை. திமிலுள்ள நம் மாட்டின் பழக்கம், குரல், உடல்வாகு எல்லாமே ஐரோப்பிய மாட்டிலிருந்து வேறுபடுகின்றன, இரண்டின் மூலமும் வேறு வேறு என்பதற்கான விவரங்களைத் தந்தவர் பிளைத்தான், டார்வினும் அவர் பெயரைச் சொல்லியே அதை எழுதினார். திமில் மாடு இந்தியத் துணைக்கண்டத்தில் தனியாக வளர்ப்புக்கு வந்தது என்பதை இப்போது மரபணுவும் உறுதிப்படுத்தியிருக்கிறது. மரபணு என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில், கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் வைத்துச் சொன்னது.

இன்னொரு கடிதம் முக்கியமானது. போர்னியோவில் இருந்த ஆங்கிலேய இயற்கையாளர் வாலஸ் 1855இல் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார், புது இனம் ஒவ்வொன்றும் தனக்கு நெருங்கிய பழைய இனத்தின் பக்கத்திலேயே தோன்றுகிறது என்று. அந்த வருஷ டிசம்பரிலேயே பிளைத், வாலஸின் கட்டுரையைப் பார்த்தீர்களா, நன்றாக இருக்கிறது என்று டார்வினுக்கு எழுதினார். டார்வின் தன் பிரதியின் ஓரத்தில் பெரிதாகப் புதியது இல்லை என்று குறித்து வைத்தார். மூன்று வருஷம் கழித்து அதே வாலஸ் இயற்கைத் தேர்வையே எழுதி அனுப்பியபோது டார்வின் ஆடிப்போனது எல்லாருக்கும் தெரிந்த கதை. வாலஸைக் கவனியுங்கள் என்று டார்வினுக்கு மணி அடித்தவர்களில் கல்கத்தாக்காரர் பிளைத் முந்தியவர்.

1854இல் பிளைத் ஒரு இளம் விதவையை மணந்தார். அவருடைய வாழ்க்கையில் நிம்மதி என்று இருந்தது அந்த மூன்று வருஷம்தான். 1857 டிசம்பரில் மனைவி இறந்துபோனார், நாட்டில் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த அதே வருஷம். அதிலிருந்து அவர் எழவே இல்லை. உடம்பும் மனமும் சேர்ந்து தளர்ந்து, 1862இல் கல்கத்தாவை விட்டுக் கிளம்பி, 1863 மார்ச்சில் லண்டன் போய்ச் சேர்ந்தார். கடன் வாங்கித்தான் காலம் தள்ளினார். மனநோய் முற்றிக் கொஞ்ச காலம் தனியார் காப்பகத்தில் இருந்தார், குடிப்பழக்கமும் சேர்ந்துகொண்டது, ஒரு தடவை வண்டிக்காரரை அடித்ததாகக் கைதும் ஆனார். இதையெல்லாம் மறைத்து எழுதுகிறவர்கள் உண்டு. மறைப்பதால் அவருக்கு மரியாதை கூடப்போவதில்லை. அந்த நிலைமையிலும் பத்திரிகைகளில் இயற்கை வரலாறு எழுதுவதை அவர் நிறுத்தவில்லை, பர்மாவின் பாலூட்டிகள், பறவைகளுக்கான பட்டியலையும் தயாரித்துக்கொண்டிருந்தார். 1873 டிசம்பர் 27இல் இதய நோயால் இறந்தார், 63 வயது முடிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பர்மா பட்டியல் அவர் போனபிறகு 1875இல் வெளிவந்தது.

யாரையும் லேசில் பாராட்டாத பறவையியலாளர் ஆலன் ஹியூம், ஒரு வசதியும் இல்லாமல் தொடங்கி, சொற்பச் சம்பளத்தையும் அவமானங்களையும் பொறுத்துக்கொண்டு அந்த வேலையை விடாமல் பிடித்திருந்ததை வீரம் என்றே எழுதினார். இந்த விஷயத்தில் நான் ஹியூம் பக்கம்.

அவர் சேர்த்தவை என்ன ஆயின என்றால், 1866இல் இந்திய அருங்காட்சியகத்துக்கெனச் சட்டம் வந்து, சொசைட்டியின் விலங்கியல் சேகரிப்பு அங்கே போனது. பிறகு 1916இல் உருவான இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் பொறுப்பில் வந்தது. நிறையக் கெட்டுப்போயின, மிச்சமிருப்பவை கொல்கத்தாவில் இருக்கின்றன. பறவைப் பட்டியல்களில் அறிவியல் பெயருக்குப் பின்னால் பிளைத் என்றும் ஒரு வருஷமும் அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பதைப் பார்க்கலாம். அவர் இனத்தை விவரித்தார், அதைச் சேர்த்திருந்த பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுப்பு, பின்னால் மாறியிருக்கிறது என்று அதற்குப் பொருள். குளிர்காலத்தில் நம் ஊர்ப் புதர்களில் டக் டக் என்று சத்தம் கொடுத்துக்கொண்டே ஒளிந்து திரியும் பிளைத் நாணல் கதிர்க்குருவியும் 1849இல் அவர் விவரித்ததுதான். இப்போதும் ஓர் இனத்தை இரண்டாகப் பிரிக்கலாமா என்ற கேள்வி வந்தால், பழைய பெயர் இரண்டில் எதற்குச் சேரும் என்று தீர்மானிக்க ஆய்வாளர்கள் முதலில் கேட்பது, பெயர் வைத்தபோது கையில் இருந்த அந்தத் தோல் எங்கே, அதன் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான்.